ரிஸ்வானாவுக்கு நான் கொடுக்காத கேள்வி

ஏப்ரல் 3, வியாழன்

பால்காரர் இன்றைக்கும் தண்ணீர் கலந்திருக்கிறார். நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், நிற்காமல் ஓடியது. கேட்டால், "கோடையில பால் அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் நான் இல்லை என்பது அந்த மனிதருக்கு இன்னும் புரியவில்லை.

இந்த டைரியை நான் தொடங்கியது பாலுக்காக இல்லை, ஞானப்பிரகாசம் சாருக்காக. அவர் என் ஆய்வு நெறியாளர். திருவாரூர் மாவட்டத்துக் குளங்களில் இருக்கும் நத்தைகளைப் பற்றி, சேற்றில் கால் வைத்து அலைந்து அலைந்து நான் எழுதிய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தேர்வாளர்கள் இரண்டு பேருடைய அறிக்கையும் வந்துவிட்டதென்று எனக்கு மெயில் வந்திருக்கிறது. சாரிடம் கேட்டால், "வந்துச்சும்மா, பாக்குறேன்" என்கிறார். வந்ததைப் பார்ப்பதற்கு இத்தனை நாளா?

ஜூன் முதல் வாரத்தில் உதவிப் பேராசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அதற்குள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து, பட்டம் உண்டு என்கிற தற்காலிகச் சான்று என் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகவே கிடக்க வேண்டியதுதான். கௌரவம் பெயரில் இருக்கிறது; மற்றபடி தேர்வுப் பிரிவில் தட்டச்சு வேலை, விழா என்றால் நாற்காலி எண்ணும் வேலை. எனக்கு நாற்பத்து நான்கு வயது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குச் சொல்கிறவர்கள் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள்.

எங்கள் விலங்கியல் துறைத் தலைவரும் சார்தான்; மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். இதெல்லாம் தெரிந்தும் இழுத்தடிக்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது. பின்னால் பேச்சு மாறக் கூடாதென்று தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

ரிஸ்வானா சாருடைய அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. நான் தட்டிவிட்டு உள்ளே போனதும் பேச்சு நின்றது. மேசை மேல் என் ஆய்வேடு திறந்து கிடந்தது. அதில் மஞ்சள் துண்டுக் காகிதங்கள் ஒட்டியிருந்தன.

இந்தப் பெண் கூத்தாநல்லூர்க்காரி. எனக்குப் பின்னால் சேர்ந்தவள், முழுநேர ஆய்வாளர், உதவித்தொகை வாங்குகிறவள். அவளும் நத்தைதான். போன மாதம் அவளுடைய ஆய்வேடும் உள்ளே போய்விட்டது. கெட்டிக்காரி. கெட்டிக்காரிகளிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு.

"வாங்கக்கா" என்று எழுந்தாள். "சும்மா டவுட் கேக்க வந்தேன்."

அவளுடைய சந்தேகத்துக்கு என் ஆய்வேடு எதற்கு?

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று அறிக்கைகளைக் கொடுத்தார். மலேசியப் பேராசிரியர் எழுதியது முழுசாக இருந்தது, ஒரே புகழ்ச்சி. உள்நாட்டுத் தேர்வாளர் திருநெல்வேலிப் பக்கத்துப் பேராசிரியர் ஐயம்பெருமாள். வைவா நடத்த வரப்போகிறவரும் அவரே. அவருடைய அறிக்கையில் இரண்டு பக்கம்தான் என் கைக்கு வந்தது. அடியில் 'மொத்தம் மூன்று பக்கங்கள்' என்று அச்சாகியிருக்கிறது.

"மூணாவது பக்கம் எங்க சார்?"

"அதுல கையெழுத்து மட்டும்தாம்மா. எங்கயோ வச்சேன், தேடித் தர்றேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. முப்பது வருஷமாகப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் டப்பாவில் நத்தை அனுப்பி, இது என்ன இனம் என்று இவரிடம்தான் கேட்பார்கள். ஒரு காகிதத்தை எங்கே வைத்தார் என்று அவருக்குத் தெரியாதாம்.

ஏப்ரல் 9, புதன்

ஆய்வகத்து அலமாரியில் என் ஜாடிகள் மூன்றைக் காணோம். கண்ட ஜாடிகள் இல்லை. இந்த மாவட்டத்தில் இதற்கு முன் யாரும் பதிவு செய்யாத இனம் என்று நான் எழுதியிருக்கிறேனே, அந்த மூன்று குளத்து நத்தைகள். என் ஆய்வேட்டின் உயிர் அந்த நான்காம் இயல்தான். தேடிப் பார்த்ததில், நுண்ணோக்கி அறையில் ரிஸ்வானாவின் மேசை மேல் மூன்றும் இருந்தன. பக்கத்தில் அளவுகோல். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் போனில் படம் பிடித்திருக்கிறாள்.

அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். ஜாடிகளைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் சரியாக இருந்தது. இரண்டு முறை பார்த்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ் வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி, வடை. சாப்பிட்டு முடித்துத் தாம்பூலம் போடும்போது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர். நாள் முழுக்க சண்டையை விலக்கிவிட்டு வருகிறவர், வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார்.

"ஏன் கோமளா, அந்தப் பொண்ணு படம் புடிச்சா உனக்கு என்ன நட்டம்?"

"என் நத்தையை வச்சு அவ பேப்பர் போடுவா. புது இனம்னு அவ பேரு முதல்ல வந்துட்டா என் தீசிஸ் என்னாகும்? சாருக்கு நானும் அவளும் ஒண்ணா? எனக்குத்தான் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு, இனிமே நான் எங்க பேப்பர் போடப்போறேன்னு நெனச்சிருப்பாரு."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நேரா கேட்டுடேன் அவர்கிட்ட."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்களா?"

இவர் வடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நெருப்பில்லாமல் புகையுமா என்று நான் சொன்னது காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி போய்விட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒருவழியாகத் தேதி பேச உட்கார்ந்தார் சார். மே முதல் வாரம் ஐயம்பெருமாள் வீட்டில் கல்யாணம். இரண்டாம் வாரம் முகூர்த்த நாள், மன்னார்குடியில் தங்க நல்ல அறை கிடைக்காது. அறிவிப்பு வைத்துப் பதினைந்து நாள் கழிய வேண்டும் என்பது விதி. கடைசியில் மே பதினாறு, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி என்றால் ராகு காலம். சொன்னேன்.

"நமக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்று சிரித்தார். சார் மாதா கோயிலுக்குப் போகிறவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நேரத்தைத் தள்ளி வைக்கச் சொன்னபோது, "இல்ல, பதினொண்ணுதான் சரி, அப்பதான் எல்லாரும் வர முடியும்" என்றார். அந்த எல்லாரும் யார் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து என் ஆய்வேட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய மூக்கு இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் மூடிவிட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அறிவிப்பு ஒட்டியாயிற்று. 'அனைவரும் வருக.' என் பெயரை நானே நான்கு தடவை படித்தேன். பெண்ணுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மதியம் மாடிப்படி இறங்கும்போது சார் போனில் பேசுவது கேட்டது. "அவளுக்குத் தெரியாது பெருமாள். தெரிய வேணாம். ரிஸ்வானா பாத்துக்குவா." பெருமாள் என்றால் ஐயம்பெருமாள் பேராசிரியர். அவ்வளவுதான் கேட்டது. என்னைப் பார்த்ததும், "ஆங், சரி, வைக்கிறேன்" என்று முடித்துக்கொண்டார்.

எனக்குத் தெரியாமல் ரிஸ்வானா என்ன பார்த்துக்கொள்வாள்? டிபன் டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மே 2, வெள்ளி

வைவாவுக்குத் தேர்வாளர் மட்டும் கேள்வி கேட்டால் போதாது. அது பொது வாய்மொழித் தேர்வு. அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்க வேண்டும், யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அசிங்கம். ஏடாகூடமாகக் கேட்டுவிட்டால் அதைவிட அசிங்கம். அதனால் எங்கள் துறையில் கேள்விகளை ஆய்வாளரே எழுதி, ஜூனியர்களுக்குத் துண்டுச் சீட்டில் கொடுத்துவிடுவது வழக்கம். நானும் என் சீனியர்களுக்கு அப்படிக் கேட்டிருக்கிறேன். ஒரு தரம் எனக்கே புரியாத கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குப் பெரிதாகத் தலையாட்டினேன்.

ஐந்து கேள்வி எழுதினேன். முதுகலை மாணவிகள் நாலு பேருக்கும் தாவரவியல் கணேசமூர்த்திக்கும் கொடுத்தாயிற்று. ரிஸ்வானா என் மேசையைத் தாண்டிப் போகும்போது வேகத்தைக் குறைத்தாள். "எனக்கு ஒண்ணு இல்லியாக்கா?" என்றாள். தீர்ந்துவிட்டது என்றேன்.

"பரவால்லக்கா. நானே ஒண்ணு வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சீட்டில்லாத கேள்வி. நூறு பேர் முன்னால், நான்காம் இயலைக் கையில் வைத்துக்கொண்டு, படங்களோடு எழுந்து நின்றால் நான் என்ன செய்வேன்?

மே 5, திங்கள்

தேர்வு அறைப் பணிப் பட்டியல் தட்டச்சு செய்தேன். பதினாறாம் தேதி இரண்டு துறைகளுக்குத் தேர்வு, ஆள் பற்றாக்குறை. முழுநேர ஆய்வாளர்களையும் போடலாம் என்று போன வருஷமே தேர்வுக் கட்டுப்பாட்டாளர் சொல்லியிருக்கிறார். ரிஸ்வானா பெயரையும் சேர்க்க வேண்டியதாயிற்று. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, புதுக் கட்டடத்து மாடி. அந்த அறைக்கு மாற்று ஆள் போட முடியவில்லை.

வழியில் மாம்பழம் வாங்கினேன். கல் வைத்துப் பழுக்க வைத்ததா என்று மோந்து மோந்து பார்த்ததில் கடைக்காரருக்குக் கோபம்.

மே 7, புதன்

ரிஸ்வானா தேர்வுப் பிரிவுக்கு வந்தாள்.

"அக்கா, பதினாறு எனக்கு டூட்டி விழுந்திருக்கு. அன்னிக்கு உங்க வைவா. மாத்தித் தர முடியுமா?"

"கன்ட்ரோலர் கையெழுத்துப் போட்டுட்டாரே."

"வேற யாரையாவது மாத்தி விடுங்கக்கா. நான் கண்டிப்பா இருக்கணும்."

"ஏன், அப்படி என்ன கண்டிப்பு?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். சொல்ல வந்ததை யாரோ சொல்லாதே என்று தடுத்து வைத்திருப்பது முகத்திலேயே தெரிந்தது. "இல்லக்கா, உங்க வைவாவாச்சேன்னுதான்" என்றாள்.

பேசிப் பார்க்கிறேன் என்றேன். நாள் முழுக்க வேலை சரியாக இருந்தது. கட்டுப்பாட்டாளர் அறைப் பக்கம் போக முடியவில்லை.

மே 15, வியாழன்

பொன்னாடை, மாலை, சாப்பாட்டுக்குச் சொல்லியது எல்லாம் சரி. புடவைக்கு ஃபால்ஸ் தைத்தவள் ஓரத்தை விட்டிருக்கிறாள். நானே பிரித்துத் தைத்தேன். சாயங்காலம் சார் கூப்பிட்டார்.

"ரிஸ்வானாவுக்கு டூட்டியாமே?"

"ஆமா சார். லிஸ்ட்டுல வந்துடுச்சு."

"சரி. நடுவுல அரை மணி நேரம் யாரையாவது உக்கார வச்சிட்டு வரச் சொல்லியிருக்கேன். நீ நிம்மதியா தூங்கும்மா" என்றார். குரல் என்னமோ நிம்மதியாக இல்லை.

மே 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுத முயற்சி செய்கிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. இவர் கடைசி வரிசையில், சங்கத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு. ஐயம்பெருமாள் சார் உயரமான, அமைதியான மனிதர். நாற்பது நிமிடம் பேசினேன், நாக்குக் குழறவில்லை. அப்புறம் பார்வையாளர் கேள்வி. முதல் இரண்டும் நன்றாகப் போயின. மூன்றாவதாக எழுந்த மாணவி பதற்றத்தில், சீட்டில் கேள்விக்குக் கீழே அவள் தெரிந்துகொள்ளட்டும் என்று நான் எழுதியிருந்த பதிலையும் சேர்த்துப் படித்துவிட்டாள். அரங்கமே சிரித்தது. ஐயம்பெருமாள் சாரும் சிரித்தார். "பதிலும் சரியாத்தான் இருக்கு. மேலே போவோம்" என்றார்.

கேள்விகள் முடிந்தன. நெறியாளர் என்ற முறையில் சார் மேடையில் இருந்தார். "வேற யாரும்?" என்று கேட்டுவிட்டு வாசலையே பார்த்தார். மறுபடியும், "வேற யாராவது கேக்கணுமா?" என்றார். மறுபடி வாசல். எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களிப்பு. அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஐயம்பெருமாள் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஞானப்பிரகாசம் சாரைப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அந்த மூன்றாவது பக்கம்.

"யாரும் கேக்கலன்னா நான்தான் கேக்கணும். கேக்காம கையெழுத்துப் போட முடியாது, பாத்துக்கிடுங்க. நாலாவது இயல்ல மூணு குளத்துல புது இனம்னு சொல்லியிருக்கீங்க. படத்தைப் பாத்தா எனக்கு அப்படித் தெரியல. அது நம்ம ஊர்ல எல்லாக் குளத்துலயும் கெடக்குத சாதாரண நத்தையோட குட்டி. குட்டியில ஓட்டுல உள்ள வரி வேற மாதிரி இருக்கும். நீங்க என்ன சொல்லுதீங்க?"

என் ஆய்வேட்டின் உயிர் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. ஜூன் மாதம் போய்விட்டது, வேலை போய்விட்டது. பின் வரிசையில் இவர் எழுந்து நிற்பது தெரிந்தது.

"பெருமாள், அதுக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல." ஞானப்பிரகாசம் சார் எழுந்துவிட்டார். "அந்த ஜாடிங்களைப் பாத்து இனம் சொன்னவன் நான். எனக்குக் கண்ணு அப்பவே மங்கிப்போச்சு. லென்ஸ் வச்சும் வரி தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. உத்தேசமா சொன்னேன். இந்தம்மா என்னை நம்பி எழுதிட்டாங்க. இப்ப எங்க ரிஸ்வானா எல்லாத்தையும் மறுபடி அளந்து பாத்துட்டா. நீங்க சொல்றதுதான் சரி. தப்பு என்னுது, திருத்தம் போட்டுத் தர்றோம்."

அப்போது முன் வரிசையில் இருந்து, அடுத்த மாதம் துறைத் தலைவராகப் போகிறவர் கையைத் தூக்கினார்.

"அப்போ சார், இவ்வளவு வருஷமா மத்த தீசிஸ்ல எல்லாம் நீங்க பாத்துச் சொன்னது?"

இன்றைக்குப் பார்வையாளரிடமிருந்து சீட்டில்லாமல் வந்த கேள்வி அது ஒன்றுதான்.

"அதையும் பாக்கணும் தம்பி" என்றார் சார். நாற்காலியின் கையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

திருத்தத்தோடு பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக ஐயம்பெருமாள் சார் அறிவித்தார். கை தட்டினார்கள். பொன்னாடை போட்டார்கள். நான் இனி டாக்டர் கோமளவல்லி. சாப்பாட்டில் சாருக்கு நான்தான் பரிமாறினேன். மோர்ச் சாதம் மட்டும் போதும் என்றார். எல்லாரும் அடுத்த பந்திக்கு நகர்ந்த பிறகு கேட்டேன்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கணும். உன் முன்னாடி தப்பா நிக்க மனசு வரலம்மா. ரிஸ்வானா எந்திரிச்சு, 'அது குட்டி நத்தையா இருக்கலாமா மேடம்'னு கேப்பா. நீ ஆமா, திருத்திக்கிறேன்னு சொன்னா போதும். மினிட்ஸ்ல ரெண்டு வரி ஏறியிருக்கும். பெருமாளும் ஒத்துக்கிட்டான். பாவம், அந்தப் பொண்ணுக்கு டூட்டி வந்துடுச்சு." இலையை மூடினார். "போகுது, விடு. உனக்கு ஆச்சுல்ல?"

ஆச்சு சார் என்றேன்.

மே 17, சனி

தற்காலிகச் சான்றுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பத்து நாளில் வந்துவிடுமாம். வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

சாயங்காலம் ரிஸ்வானா வந்தாள். அவள் அம்மா ரவையில் செய்த தம்ரூட் இனிப்பை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள்.

"டாக்டர் மேடம்" என்று வாசலிலேயே கூப்பிட்டாள். உட்கார்ந்ததும், "நேத்து எவ்ளோ தவிச்சேன் தெரியுமாக்கா. ஒருத்தரும் மாத்தி விட வரல. போனையும் வெளியில வாங்கி வச்சிட்டாங்க. பேப்பரைக் கட்டிக் குடுத்துட்டு ஓடி வந்தா, எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. சார் ஒரு கேள்வி கேக்கச் சொல்லியிருந்தாரு. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அதை யாருக்கா கேட்டா?"

"ஐயம்பெருமாள் சாரே கேட்டுட்டார்."

"சார் சமாளிச்சிட்டாரா?"

"ம்."

அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை துறைக்குப் போனால் எல்லாரும் சொல்வார்கள். சாரை இனி எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் அவளே பார்த்துக்கொள்வாள்.

காபி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். செருப்பைப் போடும்போது சொன்னாள்: "எனக்காக நீங்க கன்ட்ரோலர்கிட்ட பேசியிருப்பீங்க. அவர்தான் ஒத்துக்கலையாக்கா?"

"ஆமா" என்றேன்.

"அவரு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கித் தெருமுனை வரை இரண்டு தடவை திரும்பிக் கையசைத்துக்கொண்டே போனாள். வாசலிலேயே நின்றிருந்தேன். இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.